வாசகர் கேள்வி – பதில்: ஹாட் பாட் உணவகத்தில் முதலில் கேட்க வேண்டியது

சீனப் பயணம் பற்றி இம்முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஹாட் பாட் உணவகங்களைப் பற்றியவை. ஆகவே இந்த இதழின் கேள்வி – பதில் பகுதி முழுவதையும் அதற்கே ஒதுக்கியிருக்கிறோம். ஒரே பொருளைத் தொட்ட கடிதங்களை ஒன்றாகச் சேர்த்து, கேள்விகளைச் சுருக்கித் தந்திருக்கிறோம்.

கேள்வி: செங்டுவுக்கும் சோங்சிங்குக்கும் கணவருடன் முதல்முறையாகச் செல்கிறேன். ஹாட் பாட் உணவகத்தில் போய் அமர்ந்ததும் என்னென்ன நடக்கும்? நாங்கள் முதலில் எதை முடிவு செய்ய வேண்டும்?

பதில்: மேசையின் நடுவில் அடுப்பு பதிக்கப்பட்டிருக்கும். அதன்மேல் சட்டி வந்து, குழம்பு கொதிக்கத் தொடங்கும் வேளையில், சமைக்காத இறைச்சியும் காய்கறியும் காளானும் டோஃபுவும் தட்டுத் தட்டாக வந்து சேரும். அவற்றை நீங்களே சட்டியில் இட்டு, வெந்ததும் எடுத்து, உங்கள் கிண்ணத்தில் உள்ள கலவையில் தோய்த்து உண்ண வேண்டும். பாதிச் சமையல் உங்கள் கையில் இருப்பதால், மற்ற உணவகங்களில் சமையல்காரர் பார்த்துக்கொள்ளும் பல முடிவுகளை இங்கே நீங்கள்தான் எடுக்க வேண்டியிருக்கும்.

பெரும்பாலான கடைகளில் மேசை ஓரத்தில் ஒட்டியுள்ள க்யூஆர் குறியீட்டை வீசாட் அல்லது அலிபே செயலியால் ஸ்கேன் செய்தால் பட்டியல் கைப்பேசியில் திறந்துகொள்ளும். பழைய கடைகள் சிலவற்றில் அச்சிட்ட தாளையும் பென்சிலையும் தருவார்கள். வேண்டியவற்றுக்கு எதிரே குறியிட்டுக் கொடுத்தால் போதும். பட்டியல் நீளமாக இருப்பதைக் கண்டு மலைக்க வேண்டாம். அது சில பிரிவுகளாகவே அமைந்திருக்கும்: அடிக்குழம்பு, இறைச்சி, உள்ளுறுப்புகள், கடல் உணவு, டோஃபு வகைகள், காய்கறி, சிற்றுண்டி, பானம். அடிக்குழம்புக்குத் தனி விலை உண்டு. தொட்டுக்கொள்ளும் கலவைக்கு ஆளுக்கு இவ்வளவு என்று ஒரு சிறு தொகையும் பில்லில் சேரும். அதைக் கண்டு ஏமாற்றுகிறார்கள் என்று எண்ண வேண்டாம். அது அங்கே வழக்கம்.

முதலில் முடிவு செய்ய வேண்டியது அந்த அடிக்குழம்பைத்தான். மற்ற பொருள்களைத் தவறாகத் தேர்ந்துவிட்டால் தட்டை ஒதுக்கி வைத்துவிடலாம். குழம்பைத் தவறாகத் தேர்ந்தால் அதில் வேகும் ஒவ்வொரு பொருளிலும் அது ஏறிவிடும். எவ்வளவு காரம் என்று கேட்பதற்கு முன்பு, எந்தக் கொழுப்பில், எந்த எலும்பில் அந்தக் குழம்பு செய்யப்பட்டது என்று கேளுங்கள். இந்த ஒரு கேள்வியைப் பயணிகள் கேட்கத் தவறுவதால்தான், கீழே வரும் கடிதங்களில் பாதி எழுதப்பட்டிருக்கின்றன.

கேள்வி: நாங்கள் குடும்பமாகச் சைவம். காளான் சூப் ஒன்றைத் தேர்ந்து, காய்கறிகளை மட்டும் வேகவைத்துச் சாப்பிட்டால் போதும் என்று பயண ஏற்பாட்டாளர் சொல்கிறார். அது சரியா? (அசைவம் உண்டாலும் மாட்டிறைச்சி தவிர்ப்பவர்கள் சிலரும் இதையே கேட்டிருக்கிறார்கள்.)

பதில்: அது போதாது. சோங்சிங் பாணிச் சிவப்புக் குழம்பின் உயிர்நாடியே மாட்டுக் கொழுப்புதான். காய்ந்த மிளகாய், சிச்சுவான் மிளகு, அகன்ற அவரையும் மிளகாயும் சேர்த்துப் புளிக்கவைத்த விழுது, இஞ்சி, பூண்டு எல்லாவற்றையும் அந்தக் கொழுப்பில் நெடுநேரம் வதக்கி, ஆறவைத்துக் கட்டியாக்கி வைத்திருப்பார்கள். உங்கள் சட்டி மேசைக்கு வரும்போது அந்தச் செங்கட்டி உருகாமல் நடுவில் கிடப்பதைப் பல கடைகளில் காணலாம். தீ ஏற ஏற அதன் விளிம்புகள் கரைந்து, சட்டி முழுவதும் செந்நிற எண்ணெய்ப் படலம் பரவும். மாட்டிறைச்சி தவிர்ப்பவர்கள் ஆட்டிறைச்சியையும் கோழியையும் மட்டும் வரவழைத்துவிட்டு நிம்மதியாக இருந்தால், ஒவ்வொரு வாயிலும் மாட்டுக் கொழுப்பையே உண்கிறார்கள். செங்டுவில் கடுகு இனத்தைச் சேர்ந்த ரேப்சீட் எண்ணெயில் செய்த சிவப்புக் குழம்பும் பரவலாகக் கிடைக்கிறது. மாட்டுக் கொழுப்பை அங்கே நியூயோ என்பார்கள். தாவர எண்ணெய்க் குழம்பைச் சிங்யோ என்பார்கள். இந்த இரண்டு சொற்களையும் சீன எழுத்தில் கைப்பேசியில் சேமித்து வைத்திருந்து காட்டுங்கள். உச்சரிப்பு பிசகினாலும் எழுத்து பிசகாது.

சைவர்களுக்கு அதற்கு மேலும் ஒரு தடை இருக்கிறது. தாவர எண்ணெயில் செய்த குழம்பிலும் கோழிச்சாற்றுப் பொடி சேர்ந்திருக்கலாம். காளான் சூப்பும் தக்காளி சூப்பும் பெயரளவில் சைவமாகத் தோன்றினாலும், கோழி அல்லது பன்றி எலும்பைக் கொதிக்கவைத்த சாற்றில் செய்யப்படுவது சாதாரணம். 'இறைச்சி வேண்டாம்' என்று சொன்னால், இறைச்சித் துண்டு வேண்டாம் என்றுதான் பணியாளர் புரிந்துகொள்வார். எலும்புச்சாறும் விலங்குக் கொழுப்பும் வேண்டாம் என்று தனித்தனியாகச் சொல்ல வேண்டும். ஐயம் தீராவிட்டால், வெறும் வெந்நீரில் இஞ்சித் துண்டும் வெங்காயத்தாளும் பேரீச்சை போன்ற சிவப்பு இலந்தையும் போட்டுத் தரச் சொல்லுங்கள். பல கடைகளில் இதற்கு இணங்குவார்கள். சுவையைத் தொட்டுக்கொள்ளும் கலவையில் கூட்டிக்கொள்ளலாம்.

இரண்டாகத் தடுத்த யுவான்யாங் சட்டியில் ஒரு பக்கம் சைவம், மறுபக்கம் அசைவம் என்று பகிர்ந்துகொள்ள நினைப்பவர்கள், கொதி ஏறும்போது ஒரு பக்கத்துக் குழம்பு மறுபக்கம் தெறிப்பதையும், ஒரே கரண்டி இரு பக்கமும் போய் வருவதையும் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். சோங்சிங்கில் பேர்பெற்ற ஒன்பது கட்டச் சட்டி இதற்கு அறவே உதவாது. அந்தக் கட்டங்களுக்கு அடிப்புறம் திறந்திருக்கிறது. மேலே ஒன்பதாகத் தெரிந்தாலும் கீழே ஓடுவது ஒரே குழம்புதான். ஆளுக்கொரு சிறு சட்டி தரும் கடைகளே சைவக் குடும்பங்களுக்கு நல்லது. அதைவிடவும் மேலானவை பௌத்த மரபைப் பின்பற்றும் சைவ உணவகங்கள். பெரிய நகரங்கள் பலவற்றிலும், முக்கியமான பௌத்தக் கோயில்களின் அருகிலும் அவை இருக்கின்றன. பௌத்தத் துறவியர் பூண்டு, வெங்காய வகைகளையும் விலக்குவதால், அவற்றை உண்ணாதவர்களுக்கும் அங்கே வழி உண்டு.

இன்னும் இரண்டு எச்சரிக்கைகள். டோஃபு வரிசையில் கருஞ்சிவப்பாக, வழவழப்பான கட்டிகளாக ஒன்று தென்பட்டால் அது வாத்தின் உறைந்த இரத்தம். பார்வைக்கு டோஃபு போலவே இருக்கும். தொட்டுக்கொள்ளும் கலவைக்கான பொருள்களை நாமே எடுத்துக்கொள்ளும் கலவை மேசையில் உள்ள சிப்பிச் சாற்றையும், மாட்டிறைச்சித் துணுக்குகள் கலந்த மிளகாய் விழுதையும் மற்ற விழுதுகளிலிருந்து பிரித்தறிவது கடினம். பெயர்ப்பலகையை மொழிபெயர்ப்புச் செயலியால் படித்துவிட்டுக் கரண்டியை எடுங்கள்.

கேள்வி: காரத்துக்கு நான் அஞ்சுபவன் அல்லன். இருந்தும் சோங்சிங்கில் உதடும் நாக்கும் மரத்துப்போய், ஏதோ ஒவ்வாமை வந்துவிட்டது என்று பயந்துவிட்டேன். அது ஏன்?

பதில்: பெரும்பாலும் அது ஒவ்வாமை அன்று, சிச்சுவான் மிளகின் வேலை. பெயரில் மிளகு இருந்தாலும் அது கருமிளகுக்கோ மிளகாய்க்கோ உறவில்லை. எலுமிச்சை, நாரத்தை சேர்ந்த குடும்பத்தைச் சேர்ந்த முட்செடியின் காய்த்தோல். அதில் உள்ள சான்ஷூல் என்னும் சேர்மம் தொடுவுணர்வு நரம்புகளைத் தூண்டுகிறது. லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரி ஆய்வாளர்கள் 2013இல் வெளியிட்ட ஆய்வொன்றில், உதட்டில் அது உண்டாக்கும் உணர்வு நொடிக்கு ஏறக்குறைய 50 அதிர்வுகள் கொண்ட துடிப்புக்கு ஒப்பாக இருப்பதைக் கண்டார்கள். மிளகாயின் எரிச்சல் வேறு, இந்தத் துடிப்பு வேறு. இரண்டையும் சேர்த்தே அங்கே மாலா என்கிறார்கள். சிறிது நேரத்தில் அது தானாகவே அடங்கிவிடும். உதடு வீங்குவது, தோல் தடிப்பது, மூச்சுத் திணறுவது ஆகியவை இருந்தால் மட்டும் அது வேறு. எள், வேர்க்கடலை, இறால் ஆகிய மூன்றும் இந்த உணவில் எங்கும் நிறைந்திருப்பதால், அவற்றுக்கு ஒவ்வாமை உள்ளவர்கள் அத்தகைய அறிகுறி தோன்றினால் உடனே மருத்துவ உதவியை நாட வேண்டும்.

கார அளவைப் பொதுவாகக் குறைந்த காரம், நடுக்காரம், மிகுகாரம் என்று பிரித்திருப்பார்கள். குறைந்த காரத்தை வெய் லா என்று சொல்வார்கள். சோங்சிங்கில் அந்த வெய் லாவே பலருக்குத் தாங்காது; அந்த ஊர்க்காரர்களின் நாக்குக்கு ஏற்ற அளவு அது. முதல் நாள் இரட்டைச் சட்டியில் ஒரு பக்கம் தெளிந்த சூப்பை வைத்துக்கொள்வதில் கூச்சப்பட வேண்டாம். எரிச்சல் தாளாதபோது தண்ணீர் குடித்துப் பயனில்லை, ஏனெனில் மிளகாயின் காரப்பொருள் நீரில் கரையாது. செங்டு இருக்கும் சிச்சுவான் மாகாணத்தில் இந்த வேளைக்கென்றே சோயா பாலும் கடலைப் பாலும் விற்கிறார்கள். புளிப்பும் இனிப்புமான உலர்பிளம் சாறும், வெல்லப்பாகு ஊற்றிய பிங்ஃபென் என்னும் குளிர்ந்த கூழ்ப்பொருளும் நாக்கை மீட்டுக்கொடுக்கும். இலைக்கீரைகளையும் நுரைபோன்ற டோஃபுவையும் சிவப்புப் பக்கத்தில் போடாதீர்கள். மிதக்கும் எண்ணெயை அவை அப்படியே உறிஞ்சிக்கொள்ளும். அடர்ந்த இறைச்சியைவிடக் கீரையே அங்கே அதிகக் காரமாக இருப்பது இதனால்தான்.

கேள்வி: எதை எவ்வளவு நேரம் வேகவைப்பது? அரைவேக்காட்டில் சாப்பிட்டு நோய் வந்துவிடுமோ என்ற அச்சம் இருக்கிறது.

பதில்: அச்சத்தில் நியாயம் இருக்கிறது, அதற்கு வழியும் இருக்கிறது. பொருள்களை மூன்று வகையாக மனத்தில் பிரித்துக்கொள்ளுங்கள். தாள்போல் சீவிய ஆட்டிறைச்சியும் மாட்டிறைச்சியும் நன்கு கொதிக்கும் குழம்பில் சில நொடிகளிலேயே நிறம் மாறி வெந்துவிடும். அவற்றைக் கையில் உள்ள குச்சியிலிருந்து விடாமல் பிடித்திருந்தே வேகவைக்கலாம். உருண்டைகள், இறால் விழுது, கோழி, பன்றியிறைச்சி, நன்னீர் மீன் ஆகியவற்றுக்குச் சில நிமிடங்கள் தேவை. உருண்டை மேலே மிதந்தாலே வெந்துவிட்டது என்று எண்ணாமல், ஒன்றைப் பிளந்து நடுவிலும் நிறம் மாறி வெந்துவிட்டதா என்று பாருங்கள். உருளைக்கிழங்கு, தாமரைக்கிழங்கு, சர்க்கரைவள்ளி மாவில் செய்த அகன்ற கண்ணாடிச் சேமியா ஆகியவற்றை முதலிலேயே போட்டு, ஓரத்தில் ஒதுக்கி வேகவிடலாம்.

சோங்சிங்கில் எல்லாவற்றுக்கும் மேலாகப் போற்றப்படுவது மாட்டின் இரைப்பை மடிப்புகள். யாங்சே, ஜியாலிங் ஆறுகளின் துறைகளில் உழைத்தவர்கள், மற்றவர்கள் வேண்டாமென்று விட்ட மலிவான உள்ளுறுப்புகளைக் காரக் குழம்பில் வேகவைத்து உண்டதிலிருந்தே இந்த உணவு வளர்ந்தது என்று அந்த ஊர் தன் வரலாற்றைச் சொல்கிறது. அந்த இரைப்பையைக் கரிய கைக்குட்டைபோல் அகலமாக அடுக்கிக் கொண்டுவருவார்கள். ஒன்றைக் குச்சியால் பற்றி, கொதி மிகுந்த நடுப்பகுதியில் ஏழு முறை தூக்கி எட்டு முறை அமிழ்த்த வேண்டும் என்பது அங்குள்ள கணக்கு. மொத்தம் ஏறக்குறைய 15 நொடி. அதன் மேற்புறத்து முள்போன்ற துணுக்குகள் நிமிர்ந்து, விளிம்பு சுருண்டால் எடுத்துவிட வேண்டும். இன்னும் சற்று விட்டால் தோல்வார்போல் ஆகிவிடும். ஒன்பது கட்டச் சட்டியின் பயனும் இங்கேதான் புரியும்: நடுக்கட்டத்தில் கொதி அதிகம், அங்கே இரைப்பை போன்றவை, மூலைக் கட்டங்களில் கொதி அடங்கியிருக்கும், அங்கே நெடுநேரம் வேக வேண்டியவை.

பச்சை இறைச்சியை எடுக்கும் குச்சியும், வாய்க்குக் கொண்டுபோகும் குச்சியும் வேறுவேறாக இருக்கட்டும். 2020க்குப் பின் பொதுக்குச்சி வைப்பது சீன உணவகங்களில் பரவலாகியிருப்பதால், கேட்டால் தயங்காமல் தருவார்கள். புதிதாகப் பச்சை இறைச்சி போட்டபின் குழம்பு மீண்டும் கொதி வரும் வரை, அந்தப் பகுதியிலிருந்து எதையும் எடுக்காதீர்கள். சட்டியிலிருந்து எடுத்ததை அப்படியே வாயில் போடும் பழக்கமும் நல்லதன்று. உலகச் சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு நிறுவனம், 65 டிகிரி செல்சியசுக்கு மேல் சூடான பானங்களை உணவுக்குழாய்ப் புற்றுநோயை உண்டாக்கக்கூடியவையாக 2016இல் வகைப்படுத்தியது. தொட்டுக்கொள்ளும் கலவையில் ஒருமுறை புரட்டி எடுத்தாலே சூடு கணிசமாகத் தணிந்துவிடும்.

கேள்வி: கலவை மேசையில் இருபது முப்பது கிண்ணங்கள் இருக்கின்றன. எதை எதோடு கலப்பது?

பதில்: குழம்பைப் பார்த்துக் கலவையை முடிவு செய்யுங்கள். சிவப்புக் குழம்புக்கு வறுத்த எள்ளின் எண்ணெயும், நிறைய இடித்த பூண்டும், சிறிது உப்பும் போதும். வேண்டுமானால் கொத்தமல்லித் தழையும் சில துளி கருநிற வினிகரும் சேர்க்கலாம். காரமான எண்ணெயிலிருந்து எடுத்ததை மறுபடி எண்ணெயில் தோய்ப்பதா என்று தோன்றும். ஆனால் அந்த எள்ளெண்ணெய் சூட்டைத் தணித்து, ஒட்டியிருக்கும் காரத்தையும் தன்னுள் இழுத்துக்கொள்கிறது. தெளிந்த சூப்பில் வேகும் ஆட்டிறைச்சிக்கு எள் விழுது பொருந்தும். எல்லாக் கிண்ணத்திலிருந்தும் ஒவ்வொரு கரண்டி எடுத்துக் கலந்தால் எந்தச் சுவையும் தனித்து நிற்காது.

கேள்வி: பெய்ஜிங் மட்டுமே செல்கிறோம். அங்கும் இதே உணவுதானா? ஹலால் கிடைக்குமா?

பதில்: பெய்ஜிங்கில் கிடைப்பது வேறொரு மரபு. எனக்குத் தனிப்பட்ட முறையில் மிகவும் பிடித்ததும் அதுவே. பொருளின் தரத்தை மறைக்க அதில் எதுவும் இல்லை. நடுவில் புகைபோக்கி எழும்பிய செப்புச் சட்டியில், கரி நெருப்பில், இஞ்சியும் வெங்காயத்தாளும் மிதக்கும் ஏறக்குறைய வெறும் தண்ணீர் கொதிக்கும். கையால் மெலிதாகச் சீவிய ஆட்டிறைச்சியை அதில் அலசி எடுத்து, எள் விழுதோடு புளித்த டோஃபுவும், பூண்டுத்தாள் இனத்துப் பூவின் உப்பு விழுதும் கலந்த சாற்றில் தோய்த்து உண்பார்கள். இடையிடையே இனிப்பில் ஊறிய பூண்டைக் கடித்துக்கொள்வார்கள்; ஆட்டின் கொழுப்புச் சுவையை அது சட்டென்று வெட்டிவிடும்.

இந்த மரபை வளர்த்தவர்களில் சீனாவின் ஹுய் இன முஸ்லிம்களுக்குப் பெரும் பங்கு உண்டு. பெய்ஜிங்கின் புகழ்பெற்ற தொங்லாய்ஷுன் உணவகத்தை 1903இல் தொடங்கியவர் திங் தேஷான் என்னும் ஹுய் முஸ்லிம். ஆகவே ஹலால் ஹாட் பாட் அங்கே அரிதன்று. வாசலில் ஹலாலைக் குறிக்கும் சிங்ஜென் என்ற சீன எழுத்தோ அரபு எழுத்தோ உள்ள பலகையைத் தேடுங்கள். பன்றியிறைச்சி அங்கே சமையலறைக்குள்ளேயே நுழையாது. கரிச்சட்டி உள்ள கடையில் காற்றோட்டமான இடமாகப் பார்த்து அமருங்கள். மூடிய சிறு அறையில் கரி எரிந்தால் கார்பன் மோனாக்சைடு சேரும். தலைவலியோ கிறுகிறுப்போ தோன்றினால் உடனே வெளியே வந்துவிட வேண்டும்.

தெற்கே குவாங்தொங் மாகாணத்தின் சாவ்ஷான் பகுதியில், அன்றே வெட்டிய மாட்டிறைச்சியை உறுப்பு வாரியாகப் பிரித்து, எலும்புச் சூப்பில் சில நொடிகள் மட்டும் அமிழ்த்தி உண்பது வழக்கம். மாட்டிறைச்சி உண்பவர்கள் தவறவிடக்கூடாத வகை அது.

கேள்வி: தனியாகப் பயணம் செய்யும் பெண் நான். நால்வர் மேசையில் தனியே அமர்ந்து ஒரு பெரிய சட்டியை என்ன செய்வது?

பதில்: தனியாள் என்பதற்காக இந்த உணவைத் தவிர்க்கத் தேவையில்லை. ஆளுக்கொரு சிறு சட்டி வைத்து, சுழலும் பட்டையில் தட்டுகள் வந்துகொண்டிருக்கும் கடைகள் பல நகரங்களில் உள்ளன. அங்கே தனியாக வருபவர்களே அதிகம். பெய்ஜிங்கில் தொடங்கிய சியாபு சியாபு நிறுவனம் இத்தகைய தனிச் சட்டிகளால்தான் பெயர் பெற்றது. செங்டுவில் மாவ்சாய் கேளுங்கள்: நீங்கள் தேர்ந்தெடுத்த பொருள்களைச் சமையலறையிலேயே காரக் குழம்பில் வேகவைத்து ஒரே கிண்ணத்தில் சோற்றுடன் தந்துவிடுவார்கள். பெரிய சட்டிதான் வேண்டுமென்றால், 1994இல் சிச்சுவானின் ஜியான்யாங்கில் தொடங்கிய ஹைதிலாவ் கிளைகளில் பெரும்பாலான பொருள்களை அரைத்தட்டாக வாங்க முடியும். தனியாக வருபவருக்கு எதிர் இருக்கையில் ஒரு பெரிய பொம்மையை அமர்த்தி வைப்பதும் அங்கே வழக்கம். பிடிக்காவிட்டால் எடுத்துவிடச் சொல்லலாம். கண்ணாடி துடைக்கத் துணி, கூந்தல் கட்ட ரப்பர் வளையம், கைப்பேசிக்கு நெகிழி உறை, மேலங்கி எல்லாம் கேட்காமலே வரும். காத்திருக்கும்போது பழமும் நொறுக்குத்தீனியும் இலவசம்.

எவ்வளவு வரவழைப்பது என்பதில் கட்டுப்பாடு தேவை. ஒருவருக்கு ஓர் இறைச்சித் தட்டும் இரண்டு மூன்று காய், டோஃபு அரைத்தட்டுகளும் தாராளம். போதாவிட்டால் மறுபடி வாங்கிக்கொள்ளலாம். 2021 ஏப்ரலில் சீனா இயற்றிய உணவு வீணடிப்புத் தடுப்புச் சட்டம், அளவுக்கு மீறி மிச்சம் வைப்பவரிடம் அதற்கான செலவை வசூலிக்க உணவகங்களுக்கு இடம் தருகிறது. தொடாத பச்சைப் பொருள்களையும் வெந்தவற்றையும் பொட்டலம் கட்டித் தரச் சொல்வதை அங்கே யாரும் இழிவாக நினைப்பதில்லை.

கேள்வி: செலவு எவ்வளவு ஆகும்? ரொக்கம் வாங்குவார்களா? டிப்ஸ் தர வேண்டுமா?

பதில்: ஹைதிலாவ் தன் அண்மை ஆண்டறிக்கைகளில் காட்டியுள்ள சராசரிச் செலவு ஆளுக்கு 100 யுவானை ஒட்டியிருக்கிறது. பெருநகர நடுத்தரக் கடைக்கு அதையே அளவுகோலாகக் கொள்ளலாம். சிறு நகரங்களிலும் சுழல்பட்டைக் கடைகளிலும் அதைவிடக் குறையும். அலிபே, வீசாட் இரண்டிலும் 2023 முதல் வெளிநாட்டு விசா, மாஸ்டர்கார்டு அட்டைகளை இணைப்பது எளிதாகியிருக்கிறது. 200 யுவானுக்கு மேற்பட்ட தொகைக்கு 3 சதவீதக் கட்டணம் சேரும். ஊரைவிட்டுக் கிளம்பும் முன்பே பாஸ்போர்ட்டைக் கொண்டு கணக்கை உறுதிப்படுத்திவிடுங்கள். மேசையில் அமர்ந்தபின் அதைச் செய்ய முயன்று பசியோடு தவிப்பவர்கள் பலர். ரொக்கத்தை மறுக்கக் கூடாது என்பது சீன மத்திய வங்கியின் விதி. ஆனால் சில்லறை இல்லாமல் கடைக்காரர் திண்டாடுவார் என்பதால், சிறு நோட்டுகளாக வைத்திருங்கள். டிப்ஸ் தரும் வழக்கம் இல்லை.

கேள்வி: ஆறு வயதும் மூன்று வயதும் ஆன குழந்தைகளை அழைத்துச் செல்லலாமா? முன்பு ஒருமுறை, ஒரு கடையில் சாப்பிட்ட மறுநாள் எங்கள் இருவருக்குமே வயிறு கெட்டுவிட்டது.

பதில்: அழைத்துச் செல்லலாம். ஆனால் சட்டிக்கும் குழந்தைக்கும் இடையே எப்போதும் ஒரு பெரியவர் இருக்க வேண்டும். பணியாளர் குழம்பு ஊற்ற வரும் பக்கத்தில் குழந்தையை அமர்த்தாதீர்கள். கொதிக்கும் சூப் அந்த வழியாகத்தான் வரும். தக்காளிக் குழம்பு பெரும்பாலும் குழந்தைகளுக்குப் பிடித்துவிடும். குழம்பில் எதையும் போடுவதற்கு முன்பே ஒரு கிண்ணம் எடுத்து, சோற்றில் ஊற்றிக் கொடுக்கலாம். இறைச்சி வெந்து முடிந்தபின் அடியில் தங்கும் சூப்பைப் பெரியவர்களும் குடிக்க வேண்டாம். உப்பும் கொழுப்பும், உடலில் யூரிக் அமிலமாக மாறும் பியூரின்களும் அதில் செறிந்திருக்கும். யூரிக் அமிலத் தொல்லை உள்ளவர்கள் இதை அவசியம் தவிர்க்க வேண்டும்.

உங்கள் வயிற்றுக் கோளாறுக்குக் கிருமி காரணமா, பழக்கமில்லாத மிளகாயும் கொழுப்பும் காரணமா என்று இங்கிருந்து சொல்ல இயலாது. வெறும் வயிற்றில் சிவப்புக் குழம்பைத் தொடங்காமல், முதலில் சிறிது சோறும் தெளிந்த சூப்பில் வெந்த காயும் உண்டால் பின்னது பெருமளவு தவிர்க்கப்படும். ஒருவர் உண்டு மீந்த எண்ணெயை அடுத்தவருக்குப் பயன்படுத்துவது சீனச் சட்டப்படி குற்றம். மூடி முத்திரையிட்ட குழம்புப் பொட்டலத்தை உங்கள் எதிரிலேயே பிரித்துச் சட்டியில் இடும் கடைகள் பல உள்ளன. தேர்ந்தெடுக்க வாய்ப்பிருந்தால் அத்தகைய கடைக்கே செல்லுங்கள்.

கேள்வி: ஆகஸ்டில் யுனான் மாகாணத்தின் குன்மிங் செல்கிறோம். அங்கே காட்டுக்காளான் ஹாட் பாட் சாப்பிடாமல் வரக்கூடாது என்கிறார்கள். சிலர் நச்சு என்று தடுக்கிறார்கள். யார் சொல்வது சரி?

பதில்: இரு தரப்பும் சொல்வதில் உண்மை உண்டு. ஜூன் முதல் அக்டோபர் வரை மழைக்காலத்தில் யுனான் மலைகளில் விளையும் காளான்களின் மணத்துக்கு ஈடான ஒன்றை வளர்ப்புக் காளானில் காண முடியாது. அவற்றுள் ஜியான்ஷோசிங் என்னும் வகை, வெட்டிய இடத்தில் நீலமாகக் கறுக்கும். சரியாக வேகாமல் உண்டால் வாந்தியும், இல்லாத உருவங்கள் கண்ணில் தோன்றுவதும் நேரும். அமெரிக்க நிதியமைச்சராக இருந்த ஜானெட் யெல்லன் 2023இல் பெய்ஜிங்கில் ஒரு யுனான் உணவகத்தில் இதை உண்டது செய்தியானது. நன்கு சமைத்திருந்ததால் அவருக்கு ஒன்றும் நேரவில்லை.

குன்மிங்கின் நல்ல கடைகளில் காளான்களைச் சட்டியில் இட்டதும் பணியாளர் மேசையில் ஒரு கடிகாரத்தை வைத்து, பதினைந்து இருபது நிமிடம் ஓடவிடுவார். அது முடியும் வரை சாப்பிடும் குச்சிகளையே தரமாட்டார்கள். குழம்பில் சிறிது எடுத்து, மாதிரியாகத் தனியே வைத்துக்கொள்வதும் உண்டு. யாருக்காவது உடல்நலம் கெட்டால் ஆய்வு செய்வதற்காக. இந்தக் கட்டுப்பாட்டைச் சடங்கு என்று கருதிவிடாதீர்கள். குன்மிங் கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,900 மீட்டர் உயரத்தில் இருப்பதால், அங்கே தண்ணீர் 94 டிகிரிக்கு அருகிலேயே கொதித்துவிடுகிறது. கொதிப்பது ஒன்றுபோல் தெரிந்தாலும் சூடு குறைவு, ஆகவே நேரம் கூடுதலாக வேண்டும். கடிகாரம் ஓடும்போது புதிய காளானைச் சட்டியில் போட்டால் கணக்கு மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும். வேகாத காளானைத் தொட்ட குச்சியையோ கரண்டியையோ வாயருகே கொண்டுபோகக் கூடாது.

பெயர்பெற்ற, கூட்டம் வரும் கடைக்கே செல்லுங்கள். சந்தையில் காளான் வாங்கித் தங்கும் விடுதியில் சமைத்துப் பார்க்கும் ஆசை வேண்டவே வேண்டாம். பலவகைக் காட்டுக்காளான்களைக் கலந்த தட்டைவிட, ஓரிரு வகை மட்டும் உள்ள தட்டு நல்லது. மது அருந்தாமல் உண்ணுங்கள். சில காளான் வகைகள் மதுவோடு சேர்ந்தால் தீங்கு செய்யும். சாப்பிட்ட சில மணி நேரத்தில் குமட்டலோ தலைசுற்றலோ கண்ணில் விந்தைத் தோற்றங்களோ தெரிந்தால், விடியட்டும் என்று காத்திராமல் விடுதிப் பணியாளரிடம் சொல்லுங்கள். சீனாவில் ஆம்புலன்ஸ் எண் 120. உண்ட காளானின் படம் கைப்பேசியில் இருந்தால் மருத்துவருக்கு அது பெரிதும் உதவும் என்பதால், சட்டியில் இடும் முன்பே தட்டை ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.